பார்லி டிரெசரும் பத்து காராங்கும்

மலேசியாவிலேயே உருப்படாத டிரெசர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் பார்லி டிரெசர். உருப்படியான மனிதன் யார் என்று கேட்டாலும் அதே பெயர்தான். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருந்தன என்று என்னைக் கேட்காதீர்கள். அது தெரிந்திருந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்?

டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவர். டாக்டர் மாதத்துக்கு ஒருநாள் காரில் வந்து, நாலு பேர் நாக்கைப் பார்த்துவிட்டு, தோட்ட மேனேஜரான துரை வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் டிரெசர்தான் எல்லாம். எண்பதுகளில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அந்த வேலையில் இருந்தவர் இவர். உண்மையான பெயர் ஆபீஸ் ரிஜிஸ்தரில் இருந்தது. ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த எனக்கே அது மறந்துபோய்விட்டது. என்ன வியாதி என்று போனாலும் பார்லி தண்ணீர் குடிக்கச் சொல்வார். அதனால் பார்லி டிரெசர்.

"டிரெசரய்யா, சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன். முட்டி பேந்து போச்சு."

"மூத்திரம் எப்படிப் போவுது?"

"முட்டிங்கய்யா..."

"முட்டிய நான் பாத்துக்கிறேன். நீ மூத்திரத்தச் சொல்லு. மஞ்சளா? அப்ப பார்லி குடி."

ஆனால் ஒன்று. அந்த ஆள் காரணமில்லாமல் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் நாள் முழுக்க வெயிலில் உரம் போட்டுவிட்டு, தண்ணீருக்குப் பதிலாகக் கறுப்புக் கோப்பியைக் குடிக்கும் ஜனம். எங்கள் வரிசை வீடுகளில் சிறுநீரகக் கல் லயத்துக்கு லயம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கடிதத்தில் அந்த நோயின் பெயரை மலாயில் 'பத்து காராங்' என்று எழுதியிருப்பார்கள். மலாயில் 'பத்து' என்றால் கல். இது எங்கள் ஆட்கள் மண்டையில் ஏற வருடக்கணக்கானது. மண்டோரின், அதாவது கங்காணியின், சம்சாரத்துக்கு வந்த அந்தக் கடிதத்தை டிரெசர் படித்துச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மண்டோரம்மா, ஒங்களுக்குப் பத்து காராங்."

"பத்தா! எக்ஸ்ரே எடுத்த டாக்டரு மூணுன்னுதானே சொன்னாரு?"

"ஐயோ, பத்துன்னா கல்லும்மா."

"அதத்தான் நானும் கேக்குறேன். பத்து கல்லுன்னா மீதி ஏழு எங்கேருந்து வந்துச்சு? பஸ்ஸுல வர்ற வழியிலயா?"

கிள்ளானில் ஆபரேஷன் நடந்தது. மூன்று கல்தான் வந்தது. அந்த மூன்றையும் ஒரு மருந்துப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்து, கல்யாண ஆல்பம் காட்டுவதுபோல் வீடு வீடாகக் காட்டினார் மண்டோரம்மா. வலி எப்படி வந்தது, தான் எப்படிக் கத்தினார், பக்கத்துக் கட்டில்காரி எப்படிப் பயந்தாள் என்று நடித்தும் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் பேய்க்குப் பயப்படாதவன்கூட பத்து காராங்குக்குப் பயந்தான்.

இதெல்லாம் வைத்தியம். இனி பைத்தியத்துக்கு வருகிறேன்.

ஒரு வருடம் டிரெசரை ஏதோ பயிற்சிக்காகக் கிழக்குக் கரைக்கு அனுப்பினார்கள். லீவு நாளில் ஒரு மலாய்க்காரப் படகோட்டி அவரைப் பக்கத்துத் தீவுக்குக் கூட்டிப்போய், ஒரு கண்ணாடி முகமூடியைக் கொடுத்து, தலையைத் தண்ணீருக்குள் விடச் சொல்லியிருக்கிறார். தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இன்னும் நாலு ஹோட்டல் கட்டுவான்கள். டிரெசர் தலையை உள்ளே விட்டார். அவ்வளவுதான். வெளியே எடுத்தது வேறு தலை.

திரும்பி வந்த அன்றே ஆபீசுக்குள் நுழைந்து என் மேசைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"கிராணி, தண்ணிக்கடியில ஒரு எஸ்டேட் இருக்குய்யா!"

"எந்திரிங்க. சம்பளச் செக்ரோலு மேல ஒக்காந்திருக்கீங்க."

"அந்தப் பவளப்பாறை இருக்கே, அதான் லயம். ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு குடும்பம். கிளிமீனு ஒண்ணு இருக்கு, காலையிலேருந்து பாறையச் சொரண்டிக்கிட்டே போவுது. அதுதான் புல்லுவெட்டுற கேங்கு. பெரிய கெராப்பு மீனு ஒண்ணு, வாயத் தொறந்துக்கிட்டு ஒரே எடத்துல சும்மா நிக்கிது."

"அது யாரு?"

"தொரை."

அந்தப் பாறை கல் இல்லை, அத்தனையும் உயிர், விரல் நீளம் வளரவே வருடமாகும், ஒரு முட்டாள் காலை வைத்தால் ஒரு நொடியில் போய்விடும் என்று அவர் சொல்லாத ஆளில்லை. ஊசி போடும்போதும் சொன்னார். ஊசியைக் குத்திவிட்டு மறந்துபோய்ப் பேசிக்கொண்டிருப்பார். குத்துப்பட்டவன் அப்படியே குனிந்தபடி பவளப்பாறையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அடுத்து, முகமூடி செய்தார். சைக்கிள் டியூப், ஆஸ்பத்திரி அலமாரிக் கண்ணாடி, மூச்சு விட எனிமா குழாய். இதை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் பின்னால் இருந்த பெரிய பாரிட்டில், அதாவது வடிகால் வாய்க்காலில், இறங்கிப் பழகினார். எங்கள் பக்கத்து வாய்க்கால் தண்ணீர் கோப்பி நிறம். உள்ளே அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரு காலை நேரம் துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். தண்ணீரில் ஏதோ ஊர்வதைப் பார்த்து முதலை என்று முடிவுகட்டி, துப்பாக்கி எடுத்துவர ஆள் அனுப்பினார். நல்லவேளை, துப்பாக்கிக்கு முன்னால் முதலை எழுந்து நின்றுவிட்டது. முகத்தில் கண்ணாடி, வாயில் எனிமா குழாய், தலையில் ஆகாயத்தாமரை.

"குட் மார்னிங் சார்," என்றது முதலை.

துரை மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட கோல சிலாங்கூருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்.

எங்கள் இளைஞர் மன்றம் வருடத்துக்கொரு சுற்றுலா போகும். நான் செயலாளர். நான்தான் பஸ் பேச வேண்டும், நான்தான் ஏச்சு வாங்க வேண்டும். அந்த வருடம் மலைக்குப் போவது என்று பேசி முடித்திருந்தோம். கூட்டத்துக்குள் டிரெசர் புகுந்தார்.

"மலை அங்கயேதான் இருக்கும். தீவுக்குப் போவோம். இந்த ஜனம் ஒரு தடவ அதப் பாக்கணும்."

"யாரோட போட்டுல?"

"பாக் லோங். என்னையக் கூட்டிப்போன ஆளு. ஆனா அவரு ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்காரு."

கண்டிசன் இதுதான். அந்தத் தீவைச் சுற்றி மீன் பிடிக்கக் கூடாது, பவளப்பாறையை உடைத்து எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். மீன்பிடித்த பாக் லோங்குக்கு மிஞ்சியது, ஆட்களை ஏற்றிப்போய்க் காட்டும் பெர்மிட் ஒன்றுதான். அதற்கு முந்தின மாதம் அவர் படகில் வந்த ஏதோ ஒரு கூட்டம் பை நிறையப் பவளத்தை உடைத்துக்கொண்டு வந்து மாட்டியிருக்கிறது. இன்னொரு தடவை அவர் படகில் ஒரு துண்டு பிடிபட்டாலும் பெர்மிட் போய்விடும் என்று மீன் இலாகா அதிகாரி சொல்லிவிட்டார். தோட்டத்து ஆட்களை ஏற்றவே பாக் லோங் தயங்கினாராம். "நான் ஜாமீன்" என்று டிரெசர் கையடித்துக் கொடுத்திருக்கிறார்.

"எங்க ஜனத்துக்கா ஜாமீன் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "ஒங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"நம்ம ஜனம் நல்ல ஜனம்யா."

"நல்ல ஜனந்தான். போன வருசம் தங்குன ரெஸ்ட் ஹவுஸ்ல பல்பைக் கழட்டிக்கிட்டு வந்த ஜனம்."

மறுபடியும் பேசி, ஏசி, முப்பது பேர் கிளம்பினோம். பஸ் நகர்ந்ததும் டிரெசர் மைக்கைப் பிடித்தார். பவளத்தைத் தொடாதே, மிதிக்காதே, எடுக்காதே. முன் சீட்டில் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். பின் சீட்டில் இருந்தவர்கள் வாந்தி எடுத்தார்கள். நடுவில் இருந்தவர்கள் பாட்டுப் போடச் சொல்லிக் கத்தினார்கள். அவர் விடவில்லை. ராவ்ப் ஊரைத் தாண்டியதும் மைக் கெட்டுப்போனது. ஒயரைப் பிடுங்கியது நான்தான்.

படகுத்துறையில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. மலாயில் கொட்டை எழுத்து. 'டிலாராங் மெங்அம்பில் பத்து காராங்'.

எங்கள் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒருவர் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். மண்டோரம்மா முன்னால் வந்தார்.

"என்னா போட்டிருக்கான்?"

"பத்து காராங் எடுக்கக் கூடாதாம்."

"இங்க எடுக்க மாட்டாங்களா? நான் கிள்ளான்லயே எடுத்துட்டேன்லா!"

"இங்க ஆபரேசன் கெடையாது போல. அதான் போர்டு போட்டு வச்சிருக்கான், வந்து ஏமாறாதீங்கன்னு."

"நல்ல மனுசங்கப்பா," என்றார் மண்டோரம்மா.

சிரிக்காதீர்கள். தப்பு எங்கள்மேல் இல்லை. பவளத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் மலாயில் ஒரே பெயர். கோல சிலாங்கூர் கடல் முழுக்கச் சேறு. அதில் கொக்கு நிற்கும், நண்டு ஓடும். உயிருள்ள பவளத்தை நாங்கள் எங்கே பார்த்தோம்? ஷோகேஸில் காய்ந்த துண்டு வைத்திருந்தவர்களும் அதைக் கடல் பூ என்றுதான் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்த பத்து காராங் மண்டோரம்மா போத்தலில் இருந்தது.

டிரெசர் ஓடிவந்து விளக்கினார். "அது இந்தக் கடல்ல இருக்கிற பவளம்மா! அதத்தான் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"அது கடல் பூவுங்கய்யா," என்றான் ஒருத்தன். "போர்டுல கல்லுன்னுதானே போட்டிருக்கு?"

இப்படிப்பட்ட வக்கீல்கள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர்.

தீவைச் சுற்றிக் கடல் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. டிரெசர் அடியில் கண்ணாடி பதித்த ஒரு மரப்பெட்டி செய்துகொண்டு வந்திருந்தார். அதைத் தண்ணீர்மேல் வைத்துப் பார்த்தால் அடிவரை தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் வாயைப் பிளந்துவிட்டேன். மான்கொம்பு மாதிரி, காலிப்ளவர் மாதிரி, மூளை மாதிரி. நடுவே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். மண்டோரம்மா பார்த்துவிட்டு, "சாமியறை மாதிரி இருக்கு" என்றார். டிரெசருக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண் காய்வதற்குள் ஜனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தது.

"மிதிக்காதீங்க! உசுரு இருக்கு!"

"எங்கங்கய்யா உசுரு? ஏறி நின்னாலும் கத்த மாட்டேங்குது!"

"நீ மட்டும் கத்துனியா? ஒனக்குக் கட்டி அறுத்தப்ப மயங்கித்தானே கெடந்த!"

ஒரு பக்கம் ஓடி ஒருவனை இறக்குவார். மறுபக்கம் ரெண்டு பேர் ஏறுவார்கள். சாயங்காலம் வரைக்கும் மாடு விரட்டுவதுபோல் விரட்டினார். பாக் லோங் படகில் உட்கார்ந்து, வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு, பற்றவைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பாதி வழியில் நாற்றம் அடித்தது. தண்ணீரைவிட்டு எடுத்த பவளம் ஒரு மணி நேரத்தில் செத்த எலி மாதிரி நாறும். இது எங்களுக்குத் தெரியாது. பாக் லோங்குக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டார். தூரத்தில் படகுத்துறையில் மீன் இலாகா அதிகாரியின் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

பாக் லோங் கத்தவில்லை. மலாயில் டிரெசரிடம் மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னீங்கன்னுதான் ஏத்துனேன், டிரெசர். எனக்கு வேற தொழில் கிடையாது."

டிரெசர் எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு யாரு வச்சிருக்கீங்க? குடுத்திருங்க."

யாரும் அசையவில்லை. எல்லா முகமும் குழந்தை முகம். பிரியாணிச் சட்டிமேல் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். தூக்குச்சட்டியை ஒருத்தி மார்போடு அணைத்திருந்தாள். இன்னொருத்தியின் கைக்குழந்தை துணிமூட்டைமேல் படுத்து, முதுகில் ஏதோ குத்துவதால் வீரிட்டுக்கொண்டிருந்தது. முப்பது பேரில் பாதிக்கு மேல் திருடர்கள். செயலாளர் உட்பட. என் வாயகன்ற பிளாஸ்கில் ஊதா நுனி வைத்த ஒரு துண்டு இருந்தது. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவி ஆசைப்பட்டு ஷோகேஸ் வாங்கிவிட்டாள். உள்ளே வைக்க எங்களிடம் ஒரு கண்ணாடித் தம்ளர்கூடக் கிடையாது.

"எங்ககிட்ட ஏதுங்கய்யா?" என்றது கூட்டம்.

டிரெசர் சட்டைப் பொத்தானைப் போட்டார். ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்லும்போது போடுவார், அந்த மாதிரி.

"மண்டோரம்மா, ஒங்க வயித்துல இருந்தது என்னா?"

"பத்து காராங்."

"படகுத்தொறை போர்டுல என்னா போட்டிருந்துச்சு?"

"பத்து காராங்."

"ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு வச்சான் மலாய்க்காரன்? அவன் என்ன முட்டாளா?"

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். குழந்தைகூட அழுகையை நிறுத்தியது.

"ரெண்டும் ஒண்ணுதான்! உசுருள்ள சாமான். தண்ணியில இருக்கிறவரைக்கும் சாது. வீட்டுல வச்சீங்க, காஞ்சு தூளா பறக்கும். மூச்சுல போவும். வயித்துல ஒக்காரும். அப்புறம் வளரும். மண்டோரம்மா, எப்படி வலிச்சுதுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

மண்டோரம்மாவிடம் இதை இரண்டாம் தடவை கேட்க வேண்டுமா? இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினார். பாக் லோங் கையிலிருந்த சுருட்டு கடலில் விழுந்தது. கத்தி முடித்த கையோடு, மண்டோரம்மா தன் சேலை மடிப்பிலிருந்து ஒரு காலிப்ளவர் பவளத்தை எடுத்து முன்னால் நீட்டினார்.

"இந்தாங்க. நான் சும்மா மோந்து பாக்கத்தான் வச்சிருந்தேன்."

பிறகு பிரியாணிச் சட்டி திறந்தது. தூக்குச்சட்டி திறந்தது. குழந்தையைத் தூக்கினார்கள். அதன் அடியில் ஒரு மூளை. ஒருத்தன் தலைப்பாகையை அவிழ்த்தான். மூன்று துண்டு விழுந்தது. பயத்தில் ஒரு கிழவர் தன் பொய்ப்பல்லையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதைத் திருப்பி மாட்டிவிட்டோம். பாக் லோங் படகைப் பாறைப் பக்கம் திருப்பினார். "எறியாதீங்க, எறியாதீங்க" என்று கெஞ்சியபடி ஒவ்வொன்றாக வாங்கி, படகின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல் இறக்கினார் டிரெசர்.

நான் மட்டும் அசையவில்லை. எனக்கு அது கலப்படமில்லாத பொய் என்று தெரியும். கோபம் வேறு. எல்லாரையும் ஏய்க்கிறானே மனுஷன் என்று. என் பிளாஸ்கில் கோப்பி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையெல்லாம் கீறி ரத்தம். குரலைத் தாழ்த்தினார்.

"கிராணி, நீ படிச்சவன். ஒங்கிட்ட அந்தக் கதை செல்லாது. அதனால ஒங்கிட்ட கெஞ்சுறேன். அந்த மனுசனுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்யா."

என்ன செய்ய? திட்டிக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

அதிகாரி துறையில் எல்லாப் பையையும் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. என்னையும் டிரெசரையும் தவிர அத்தனை பேரும் வரிசையாகக் குழாயடியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு என்ன ஆனது என்று அதிகாரி பாக் லோங்கிடம் கேட்டார். "சிலாங்கூர் ஆளுங்க அப்படித்தான்" என்றார் பாக் லோங். பெர்மிட் பிழைத்தது.

டிரெசர்தான் பிழைக்கவில்லை. மறுவாரம் ஆஸ்பத்திரி வாசலில் வேலிவரைக்கும் கூட்டம். எல்லாருக்கும் இடுப்பில் குத்தல். சுற்றுலாவுக்கு வராதவர்களுக்கும் குத்தல். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் பெஞ்சுமேல் ஏறி நின்று, தான் சொன்னது பொய், பவளத்தால் வயிற்றில் கல் வராது, மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டார்.

"பாவம், நம்ம பயப்படக் கூடாதுன்னு சொல்றாரு," என்றார் மண்டோரம்மா. அன்று மத்தியானம் லயத்து ஷோகேஸ்களில் பல வருடமாக இருந்த சங்கு, சிப்பி, பவளம் எல்லாம் சாக்கில் கட்டப்பட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டது. அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு டிரெசர் கிழக்குக் கரைக்குத் தனியாகப் பஸ் ஏறினார். செத்த பவளத்தைக் கொண்டுபோய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு அங்கதான்யா சொந்தக்காரங்க இருக்காங்க" என்றார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் யாருமில்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "நான் பிளாஸ்கைத் தெறக்காம இருந்திருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

"நீ தெறப்பன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், மேடையில் புகழ்ந்து பொய்யும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படகில் முப்பது பேரில் என் ஒருவனிடம் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. அதற்குமேல் ஒரு மரியாதையை எவனும் எனக்குச் செய்ததில்லை.